வீடு வாடகைக்கு, சாதி விசாரணைக்கு!

"வீடு வாடகைக்கு விடப்படும்." இரும்புக் கதவிலே தொங்குகிறது தகரப் பலகை. அதன் கீழே பத்து இலக்கத் தொலைபேசி எண். எழுதியிருப்பது அவ்வளவே. எழுதாமல் விட்டதோ எவ்வளவோ!

சென்ற கோடையில், ஆவடியில், பருத்திப்பட்டிலிருந்து பட்டாபிராம் வரையில் இருபத்திரண்டு கதவுகளைத் தட்டினேன். நான் பள்ளி ஆசிரியன், கலைப் பட்டதாரி, மாதம் பிறந்தால் சம்பளம் வரும், வாடகை தவறாது. குடியோ சூதோ கிடையாது. இத்தனை தகுதிகளையும் நெஞ்சிலே அடுக்கி வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வாயிற்படியிலும் நின்றேன். ஒருவராவது அவற்றைப்பற்றிக் கேட்கவேண்டுமே! இருபத்து மூன்றாவது வீட்டில் நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

"தம்பிக்கு எந்த ஊர்?"

"விழுப்புரம் பக்கம், ஐயா."

"அங்கே எது?"

கிராமத்தின் பெயரைச் சொன்னேன்.

"ஊருக்குள்ளேயா, ஊரை ஒட்டினாப்பிலேயா?"

"ஊருக்குள்ளேதான்."

"குலதெய்வம்?"

சொன்னேன்.

"கறி, மீன் உண்டா?"

"உண்டு."

"அதெல்லாம் பரவாயில்லை. நாங்களும் ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறதுதான். ஆடு, கோழி, மீன் அதோட சரிதானே? வேறே ஒண்ணும் கிடையாதே?"

"கிடையாது."

"சரி, எப்போ பால் காய்ச்சுறீங்க?"

கவனித்தீர்களா, தோழர்களே! 'என்ன சாதி?' என்று அந்தப் பெரியவர் கேட்கவேயில்லை. அவர் நாகரிகம் தெரிந்தவர். இருபதாம் நூற்றாண்டிலே அந்தக் கேள்வியை நேராகக் கேட்டார்கள். இன்றோ, ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், கும்பிடும் சாமி எது, கொதிக்கும் குழம்பு எது என்று நான்கு திசையிலிருந்தும் வளைத்துப் பிடிக்கிறார்கள். காவல் துறையின் துப்பறிவாளனும் இவர்களிடம் பாடம் கேட்கவேண்டும். 'வேறே ஒண்ணும்' என்ற இரண்டு சொல்லுக்குள்ளே மாட்டிறைச்சி இருக்கிறது. அந்த மாட்டிறைச்சிக்குப் பின்னே சேரி இருக்கிறது. மசூதியும் மாதாகோவிலும் இருக்கின்றன.

நான் சாவியை வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போது என் பேனா கூசுகிறது. மேடைகளில் சாதி ஒழிப்புப் பேசியவன்தான் நான். கல்லூரி விடுதியில், சாதியைச் சொல்லித்தான் சோறு கிடைக்குமென்றால் பட்டினி கிடப்பேன் என்று முழங்கியவன். கோடை வெயிலில் இருபத்திரண்டு கதவுகள் மூடப்பட்ட பிறகு, 'ஊருக்குள்ளேதான்' என்ற சொல் என் வாயிலிருந்து எவ்வளவு எளிதாக வந்தது! அந்த ஒரு சொல்லால் எனக்குக் கிடைத்தது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு. அந்த ஒரு சொல் இல்லாததால் என் நண்பருக்குக் கிடைக்காமற் போனது அதே வீட்டின் பின்கட்டு.

அந்தக் கதையையும் கேளுங்கள். என் பள்ளியிலேயே கணக்காசிரியர் அவர். என்னைவிட மேற்படிப்புப் படித்தவர். பின்கட்டுக் குடித்தனம் காலியானதும் நான்தான் அவரை அழைத்துச் சென்றேன். அதே திண்ணை, அதே பெரியவர், அதே கேள்விகள். மூன்றாவது கேள்விக்கு நண்பர் தயங்காமல், தலை குனியாமல், உள்ளதைச் சொன்னார்: "ஊரை ஒட்டி, ஐயா." பெரியவர் முகம் சிறிதும் மாறவில்லை. காப்பிகூடக் கொடுத்தார். "அடடா, முந்தியே சொல்லியிருக்கக்கூடாதா! என் மச்சினன் குடும்பம் வர்றதா நேத்துத்தான் சொன்னாங்க" என்றார். மச்சினன் இன்றுவரை வரவில்லை. அவிழ்த்து வைக்கப்பட்ட பலகை மட்டும் மறுநாள் காலையில் மீண்டும் கதவேறிவிட்டது.

நண்பர் இப்போது அரக்கோணத்திலிருந்து வந்துபோகிறார். நாற்பது கிலோமீட்டருக்கும் மேல், விடியற்காலை மின்ரயில், இரவு திரும்பும்போது குழந்தை தூங்கியிருக்கும். அந்தப் பெரியவரின் பேரன் அவரிடந்தான் கணக்குப் படிக்கிறான். காலாண்டுத் தேர்வில் நல்ல மதிப்பெண். கணக்கைக் கற்றுக்கொடுக்கலாம், கற்றுக்கொடுத்துவிட்டு அந்தப் பையன் வீட்டுப் பின்கட்டில் படுத்து உறங்கக்கூடாது!

இது நடக்கும் ஊர் எது? ஆவடி. 1955 சனவரியில் காங்கிரசுக் கட்சி தேபர் தலைமையில் இங்குதான் கூடி, இந்நாட்டில் 'சோஷலிச பாணிச் சமுதாயம்' அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. பாணி வந்தது; சமுதாயம் வரவில்லை. பின்னர் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது; போர் டாங்கிகள் உருவாகும் இடமாயிற்று. வேலைக்கென்று பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் வந்து குடியேறினர். பிறந்த இடத்தை விட்டுப் பிழைக்கும் இடத்திற்கு வந்த மக்கள் கூடிய ஊர் இது. இங்கு யாருக்கும் பரம்பரைத் தெரு கிடையாது, பரம்பரைக் கிணறு கிடையாது. சாதி வேரூன்ற மண்ணே இல்லாத இடம் என்றுதான் எண்ணத் தோன்றும். 2019 இல் நகராட்சியாக இருந்தது மாநகராட்சியாயிற்று. பெயர்ப்பலகை மாறியது. கதவிலே தொங்கும் பலகைக்குப் பின்னாலிருக்கும் மனம்?

வீட்டுக்காரரை அரக்கனென்று சித்திரிக்க நான் முற்படவில்லை. அவர் சமீன்தார் அல்லர். முப்பதாண்டுகள் ஆலையில் உழைத்தவர். சேமநிதியைச் சுரண்டி எடுத்து, மனைவியின் தாலிச்சங்கிலியை அடகு வைத்து, செங்கல் செங்கலாகக் கட்டிய வீடு அது. மாடி வாடகைதான் அவருக்கு மருந்துச் செலவு. அவரும் இளமையில் வாடகைக்கு வீடு தேடித் தெருத்தெருவாக அலைந்தவர்தாம். ஒரு காலத்தில் தம்மைச் 'சைவமா?' என்று கேட்டு விரட்டிய வீட்டுக்காரனைப்பற்றி இன்றும் என்னிடம் கசப்போடு சொல்லுவார். மேலேயிருந்தவன் தம்மை மிதித்தான் என்ற கோபம் அவருக்கு உண்டு. தம் காலின்கீழ் ஒருவன் இருக்கிறான் என்ற நினைவுதான் இல்லை. படிக்கட்டு முறை என்று நாம் பாடம் நடத்துகிறோமே, அதை மூன்று மாடிக் கட்டடமாகவே கட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.

"என் வீடு, என் பணம், என் விருப்பம், யாரை வைப்பது, யாரை விடுவது என்று கேட்க நீ யார்?" என்பார்கள். கேட்கத்தான் செய்கிறேன். இந்த வாதம் புதியதா? 'என் ஓட்டல், என் இட்டலி' என்று ஒரு காலத்தில் சொல்லவில்லையா? 1957 இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவுவிடுதியின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற எழுத்தை நீக்கக்கோரிப் பெரியார் போராட்டம் தொடங்கியபோதும், 'சொந்தக் கடை, சொந்தப் பலகை' என்றுதான் பதில் வந்தது. அன்று ஓட்டலிலிருந்து அழிந்த எழுத்து, இன்று வீட்டுக் கதவிலே கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதப்பட்டிருக்கிறது. ஓட்டலிலாவது பசி ஒரு வேளையோடு போகும். குடியிருக்க இடமில்லையென்றால் வேலை போகிறது, பிள்ளையின் படிப்புப் போகிறது, கட்டிய மனைவி பிறந்தகத்தில் கிடக்கவேண்டியிருக்கிறது.

ஊரறிய விளம்பரம் செய்து, காசு வாங்கி, வருகிறவருக்குக் கொடுக்கும் எதுவும் வியாபாரந்தான். வீட்டுக்காரர் தம் படுக்கையறையையா தருகிறார்? விருந்தாளியையா அழைக்கிறார்? சந்தைக்கு வந்த சரக்குக்குச் சந்தையின் நீதி வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். அரசியல் சட்டத்தின் 15 ஆவது விதி கடைகளையும் உணவுவிடுதிகளையும் கேளிக்கை இடங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கிணறு, குளம், படித்துறை, சாலை வரையில் வருகிறது. சாதி மதம் கூறி இவற்றிலே எவரையும் தடுக்கலாகாது என்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை! குளத்திலே குளிக்கலாம், சாலையிலே நடக்கலாம். குளித்து நடந்து களைத்தவன் தலை சாய்க்கும் இடத்தை மட்டும் எழுதாமல் விட்டார்கள். 2005 இல் உச்ச நீதிமன்றமும், பார்சிகளுக்கென்றே அமைந்த ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் பிறரை உறுப்பினராக ஏற்க மறுப்பது செல்லும் என்று தீர்ப்பளித்தது.

தீண்டாமையைத் தண்டிக்க 1955 இல் வந்த சட்டம், பின்னர்க் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீட்டைக் கட்டவோ வாங்கவோ அதில் குடியிருக்கவோ தீண்டாமை காரணமாகத் தடை செய்வது குற்றம் என்று அது கூறுகிறது. ஆம், சட்டம் இருக்கிறது! ஆனால் மச்சினன் வருகிறார் என்று சொன்னவரை எந்த வழக்குமன்றத்தில் நிறுத்துவது? வராத மச்சினனைச் சாட்சிக்கு அழைப்பதா?

இனி, வாடகைக்கென்றே வந்த சட்டம். 1960 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்றது. அதை எவரும் மதிக்கவில்லை என்பது வேறு கதை. அதை நீக்கிவிட்டு 2017 இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஒன்று மூன்றாயிற்று. போகட்டும் என்றால், அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலேயே ஒரு சொற்றொடர்: மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி! கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் திருடன் கையிலே கொடுத்தாற்போல. வீடில்லாதவன் 'மாறான ஒப்பந்தத்தில்' கையெழுத்திட மறுப்பானா? நான் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தேன். அதற்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினேன். வட்டி கட்டுகிறவன் நான். பணம் உறங்குவது அவரிடம். காலி செய்யும்போது 'வெள்ளையடிக்க' என்று ஒரு மாத வாடகை பிடித்தம். இந்தச் சட்டத்தில் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவு செய்யவேண்டும், காலி செய்த ஒரு மாதத்திற்குள் முன்பணத்தைத் திருப்பவேண்டும், தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டி விரட்டக்கூடாது என்ற நல்ல பகுதிகளும் உண்டு. அவற்றை மறைக்கவில்லை. தேடித்தேடிப் பார்த்தேன், சாதி கேட்கக்கூடாது, மதம் கேட்கக்கூடாது என்று ஓரிடத்திலும் இல்லை. வாடகை எவ்வளவு என்பதற்குச் சட்டம். வாடகைக்கு யார் என்பதற்கு மனு!

மின்சாரக் கதை தனி. வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 அலகு மின்சாரம் இலவசம் என்று 2016 இல் தமிழக அரசு அறிவித்தது. எங்கள் கட்டடத்தில் பெரிய மீட்டர் வீட்டுக்காரர் பெயரில். எனக்குத் துணை மீட்டர். முதல் அலகிலிருந்தே அவர் வைத்த விலை. அரசு கொடுத்த இலவசம் மாடிப்படி ஏறி என்னிடம் வந்து சேரவில்லை.

வெளிநாட்டிலும் இந்த நோய் இருந்தது. இங்கிலாந்தில் கறுப்பர்க்கு இடமில்லை என்று அட்டை எழுதிச் சன்னலில் வைத்தார்கள். 1965 இல் இனவொதுக்கலைத் தடுக்கச் சட்டம் செய்தார்கள், வீட்டைத் தொடவில்லை. மூன்றே ஆண்டுகளில் தவற்றை உணர்ந்து, 1968 இல் வீட்டையும் வேலையையும் சேர்த்தார்கள். அமெரிக்காவில் அதே 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனமும் மதமும் பார்ப்பது குற்றம் என்ற சட்டத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். அதிலும் ஓட்டை உண்டு: உரிமையாளரே குடியிருக்கும், நான்கு குடித்தனத்துக்கு மிகாத சிறு கட்டடத்துக்கு விலக்களித்தார்கள். நம்மூர்ப் பெரியவருக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கும்! ஆனால் அந்தச் சிறு கட்டடக்காரரும் 'இன்னாருக்கு மட்டும்' என்று விளம்பரம் செய்யக்கூடாது. மேலும், அதே ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், 1866 ஆம் ஆண்டின் பழஞ்சட்டம் ஒன்றைத் தூசி தட்டியெடுத்து, நிறம் பார்த்து வீடு மறுப்பது தனியாருக்கும் ஆகாது என்று தீர்த்துவிட்டது. நாமோ 'வெஜிடேரியன் மட்டும்' என்று பத்திரிகையில் விளம்பரம் படித்துக்கொண்டே காலைக் காப்பி குடிக்கிறோம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குமேல் ஊன் உண்ணும் தமிழ்நாட்டிலே, இந்தச் 'சைவம்' நாக்கைப்பற்றிய செய்தியா, பிறப்பைப்பற்றிய செய்தியா என்று எவருக்கும் தெரியாமலில்லை.

சாதியோடு முடிந்ததா? மூடநம்பிக்கைக்கும் முன்பணம் கட்டவேண்டும். ஆடியில் குடிபுகக்கூடாது, மார்கழியில் கூடாது. ஆசிரியருக்கு மாற்றல் உத்தரவு ஆடி பார்த்தா வருகிறது? என்னோடு பணியாற்றும் அம்மையார் ஒருவர், சூலை இறுதியில் மாற்றலாகி வந்து, வீடு பேசி முடித்தும், 'ஆவணி பிறக்கட்டும்' என்று வீட்டுக்காரர் சாவி தர மறுத்ததால், இரண்டு குழந்தைகளோடு விடுதி அறையில் கிடந்தார். வீடு காலி, அவர் தெருவில், நடுவில் பஞ்சாங்கம்! தனித்து வாழும் பெண்ணென்றால் இன்னும் கேள்விகள் உண்டு. 'கணவர் எங்கே?' என்பதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் கதவு பாதி மூடியிருக்கும்.

எல்லாவற்றிலும் கொடியது ஒன்று. எங்கள் தெருவில், வாடகை வீட்டில், ஒரு தச்சுத் தொழிலாளியின் தாய் நோயிற் படுத்தாள். மருத்துவர் கைவிட்டார். வீட்டுக்கார அம்மாள் ஆப்பிள் பழத்தோடு வந்து நலம் விசாரித்தாள். வெளியே வந்து மகனிடம் சொன்னாள்: "ஏதாச்சும் ஆச்சுன்னா இங்கே வச்சுக்க முடியாதுப்பா. ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடேன்." முகூர்த்தம் பார்த்துக் கட்டிய வீடாம்; அங்கே வாடகைக்காரன் வீட்டுச் சாவு விழுந்தால் தீட்டாம். மூச்சுத் திணறும் கிழவியை வாடகைக் காரில் கிடத்தி எடுத்துப் போனார்கள். திண்டிவனம் தாண்டுவதற்குள் உயிர் போயிற்று. நகரத்தில் நாற்பதாண்டு உழைத்தவளுக்குச் சாக ஓர் அறை கிடைக்கவில்லை. அந்த வீட்டுக்காரரின் தாயார் சென்ற ஆண்டு அதே வீட்டில்தான் இறந்தார், பந்தல் போட்டார்கள், பறை முழங்கிற்று. சொந்தக்காரர் செத்தால் தீட்டுப் பதினாறு நாளில் கழிகிறது. வாடகைக்காரர் செத்தால் கழியவே கழியாதோ?

இனி நம்மவர்களைப்பற்றி. இதைப் படிக்கும் பகுத்தறிவுத் தோழர்களில் சிலருக்குச் சொந்த வீடு உண்டு. பலருடைய தந்தையாருக்கு உண்டு. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்தில் கை தட்டிவிட்டு, வீடு திரும்பி, 'நம்ம ஆளா பார்த்து வைப்பா' என்று தரகரிடம் சொல்லும் தந்தையை, வாய் திறந்து எதிர்த்தவர் எத்தனை பேர்? தாலியில்லாத் திருமணம் நடத்திக்கொண்ட ஒரு தோழரின் வீட்டு மாடி ஆறு மாதம் பூட்டிக் கிடந்தது. காரணம் கேட்டேன். "அப்பா காலத்துக்குப் பிறகு பார்க்கலாம்" என்றார். திருமணத்தில் காட்டிய துணிவு வாடகையில் ஏன் வரவில்லை? திருமணம் ஒரு நாள், மேடையுண்டு, மாலையுண்டு. குடித்தனக்காரர் நாளெல்லாம் படியேறி இறங்குவார், அக்கம்பக்கம் பார்க்கும்.

1997 இல் அன்றைய அரசு சமத்துவபுரங்களைத் தொடங்கியது. நூறு வீடு, அதில் நாற்பது ஆதிதிராவிடர்க்கு, மற்றவை பிற்பட்டோர்க்கும் மிகப் பிற்பட்டோர்க்கும் ஏனையோர்க்கும் என்று கலந்து தந்தார்கள். பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் புதிதாக நூறு வீடு கட்டித்தான் மனிதரைக் கலக்கவேண்டும் என்றால், கட்டி முடித்த இலட்சக்கணக்கான வீடுகளை என்ன செய்வது? அரசு ஊருக்கு ஊர் ஒரு சமத்துவபுரம் கட்டுகிறது. நாம் தெருவுக்குத் தெரு ஓர் அக்கிரகாரம் வாடகைக்கு விடுகிறோம்.

ஆகவே கேட்கவேண்டியதைக் கேட்போம். 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தில் திருத்தம் வேண்டும். சாதி, மதம், உணவு, தனித்து வாழ்தல் ஆகியவற்றைக் காரணமாக்கி வாடகைக்கு மறுப்பதும், அவற்றை விளம்பரத்தில் எழுதுவதும் தண்டனைக்குரியன என்று ஒரு பிரிவு சேர்க்கப்படவேண்டும். 'மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்ற சொற்றொடர் அடித்து நீக்கப்படவேண்டும். வீட்டுக்காரர் வாய்மொழியாக மறுப்பதை எப்படிப் பிடிப்பது என்று வழக்கறிஞர்கள் கேட்பார்கள். ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் இருவரை அனுப்பிப் பாருங்கள், வேறுபாடு தெரிந்துவிடும். ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் இதைச் செய்யலாம். செலவு ஒரு ரயில் சீட்டுத்தான்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. எங்கள் பள்ளியில் ஏழு ஆசிரியர்கள் கூடி முடிவு செய்திருக்கிறோம்: ஊர் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு இனி எவரும் பதில் சொல்வதில்லை, உள்ளே என்றாலும் சொல்வதில்லை, வெளியே என்றாலும் சொல்வதில்லை. சொன்னால்தான் வீடு என்றால் அந்த வீடு வேண்டாம். எழுவரில் இருவருக்குச் சொந்த வீடு உண்டு. ஒருவர் தம் கீழ்ப்பகுதியைக் கணக்காசிரியருக்குத் தர ஒப்பியிருக்கிறார். தந்தையாரோடு அவர் வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை.

என் பதினொரு மாத ஒப்பந்தம் வரும் பங்குனியில் முடிகிறது. புதுப்பிக்கும்போது பெரியவரிடம் நானே அந்தப் பேச்சை எடுக்கப்போகிறேன். ஊருக்குள்ளே என்று நான் சொன்ன பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்வேன். "அப்படியானால் ஊரை ஒட்டியா?" என்று அவர் கேட்பார். அதற்கும் பதில் இராது. பிறகு சாவியைக் கேட்பாரா, காப்பி கொடுப்பாரா, அல்லது அந்த மச்சினன் மறுபடியும் புறப்பட்டு வருவாரா என்பது அன்று தெரியும். எதற்கும் இருக்கட்டுமென்று புத்தகங்களை இப்போதே பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டேன்.